இடைக்காலச் சமையலும் மணப்பாகும்: வீட்டு அடுப்பில் தொடங்க ஒரு வழிகாட்டி

தேனைக் காய்ச்சு, மேலே வரும் நுரையை எடுத்துவிடு, குங்குமப்பூவும் மிளகுப்பொடியும் தூவு, துருவிய ரொட்டியைக் கொட்டி, துண்டு போட வரும் அளவுக்குக் கெட்டியாக்கு. 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த ஓர் ஆங்கிலச் சமையல் சுவடியில் ஜிஞ்சர்பிரெட் என்ற பலகாரத்துக்கு உள்ள குறிப்பில் செய்முறை ஏறத்தாழ இவ்வளவுதான். தேன் ஒரு குவார்ட் என்பதைத் தவிர அதில் வேறு அளவு இல்லை. தீ எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பதும் இல்லை. அந்தக் குறிப்பை எழுதியவருக்கு அவற்றையெல்லாம் எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை, ஏனெனில் அவரைப் போன்ற சமையற்காரர்களுக்குப் பதம் கையிலேயே இருந்தது. ஐந்தாறு நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்தப் பதத்தை நம் அடுப்பில் தேடிப் பிடிப்பதுதான் இடைக்காலச் சமையல் என்ற பொழுதுபோக்கு. இதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஒரு தராசு, ஓர் உரல் அல்லது அம்மி, ஒரு நோட்டுப் புத்தகம், பொறுமை ஆகியவை போதும்.

தொடங்குவோர் அனைவரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே ஒன்று. முதல் முறை, குறிப்பில் எழுதியபடியே செய்யுங்கள். இறைச்சியில் சர்க்கரையா என்று தயங்கி அதை விட்டுவிடுவதும், சப்பென்று இருக்குமே என்று பயந்து நமக்குப் பழகிய மசாலாவைச் சேர்ப்பதும் இயல்பாகவே நம் கைக்கு வந்துவிடும். அப்படிச் செய்தால் சாப்பிட்டு முடித்த பிறகு நாம் அறிந்துகொண்டிருப்பது நம்முடைய சமையலைத்தான். திருத்தங்களை இரண்டாம் முறைக்கு ஒத்திவைத்து, அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால், எந்த மாற்றம் எதைச் செய்தது என்பது தெளிவாகத் தெரியும்.

எந்தச் சுவடியை எடுப்பது

ஐரோப்பாவின் இடைக்காலம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நீண்டது என்றாலும், அங்கிருந்து சமையல் குறிப்புகள் ஓரளவு நிறையக் கிடைப்பது 1300ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். ஆங்கிலத்தில் தொடங்க விரும்புவோர் பெரும்பாலும் ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்ற தொகுப்பிடம்தான் வந்து சேருகிறார்கள். இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டு மன்னருடைய தலைமைச் சமையற்காரர்கள் 1390ஆம் ஆண்டளவில் தொகுத்த இதில் சுமார் 200 குறிப்புகள் உள்ளன. அதன் ஒரு படி தோல் சுருளாக பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இன்று வழங்கும் தலைப்பு, 1780இல் அதைப் பதிப்பித்த சாமுவேல் பெக் வைத்தது. ‘கியூரி’ என்பதைப் பார்த்ததும் தமிழ் வாசகருக்குக் ‘கறி’ நினைவுக்கு வருவது இயற்கையே. ஆனால் அது சமைத்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, நம் கறியோடு அதற்கு உறவில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது 1393ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் எழுதப்பட்ட ‘லெ மெனாஜியே த பாரி’. வயது முதிர்ந்த கணவர் ஒருவர் தம் இளம் மனைவிக்கு இல்லறம் நடத்தக் கற்றுத் தரும் பாணியில் எழுதிய நூல் அது. அரண்மனைச் சமையற்காரர்கள் தங்களைப் போன்ற தொழில் தெரிந்தவர்களுக்காக எழுதினார்கள். இவரோ ஒன்றும் தெரியாத ஒருவருக்காக எழுதினார். ஆகவே எதை எப்போது போட வேண்டும், எது கெட்டுப்போகும், எப்படி அறிவது என்றெல்லாம் நின்று விளக்குகிறார். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடக் கனிவான ஆசிரியர் கிடைக்கமாட்டார். பானங்கள்மீது ஆர்வமுள்ளவர்கள் அரபு மொழி நூல்களையும் மொழிபெயர்ப்பில் பார்க்க வேண்டும். பாக்தாதைச் சேர்ந்த முகமது பின் அல்ஹசன் 1226இல் எழுதிய சமையல் நூலும், 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தலூசியப் பகுதியில் பெயர் தெரியாத ஒருவர் தொகுத்த நூலும் இவற்றில் முக்கியமானவை.

குறிப்பை எடுத்ததும் அடுப்படிக்கு ஓட வேண்டாம். நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போட்டு, முதலாவதில் குறிப்பு சொல்லும் பொருள்களையும், இரண்டாவதில் அது சொல்லும் செயல்களையும், மூன்றாவதில் அது சொல்லாமல் விட்டவற்றையும் எழுதுங்கள். மூன்றாவது பத்திதான் நீளமாக வரும்; உங்கள் வேலையும் அங்கேதான் இருக்கிறது. சொற்கள் பொருள் மாறியிருப்பதையும் கவனிக்க வேண்டும். ‘மீட்’ என்ற ஆங்கிலச் சொல் அன்று எந்த உணவையும் குறித்தது. ‘கார்ன்’ என்பது பொதுவாகத் தானியம், மக்காச்சோளம் அன்று. ‘ரெய்சன்ஸ் ஆஃப் கொரான்ஸ்’ என்று வந்தால், அது கிரேக்க நகரமான கொரிந்தின் பெயரைத் தாங்கிய சிறிய கருந்திராட்சை வற்றல். நேரத்தை ஒரு வழிபாட்டைச் சொல்லி முடிக்கும் அளவு என்று குறிப்பதும் உண்டு. ஒரு குறிப்பு புரியாமல் நின்றால், அதே உணவு வேறொரு சுவடியில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். அரிசியும் கோழியும் பாதாம் பாலும் சர்க்கரையும் சேர்ந்த ‘பிளாங்க்மாஞ்செர்’ போன்ற வெள்ளை உணவு அநேகமாக ஒவ்வொரு தொகுப்பிலும் இருக்கும், ஒன்று மறைத்ததை மற்றொன்று சொல்லிவிடும்.

சரக்கு அலமாரி

அலமாரியிலிருந்து முதலில் எடுத்து ஒதுக்க வேண்டியவை தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம், வனிலா, கொக்கோ. இவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. கொலம்பஸ் கடல் கடந்த 1492ஆம் ஆண்டுக்கு முன் ஐரோப்பாவில் எவரும் இவற்றைச் சுவைத்ததில்லை. புளிப்புக்கு வினிகரும் பழுக்காத திராட்சையின் சாறும் பயன்பட்டன; குழம்பைக் கெட்டியாக்க ரொட்டித்தூள், அரைத்த பாதாம், முட்டை மஞ்சள்கரு, அரிசிமாவு ஆகியவை சேர்ந்தன. கிறித்தவ நோன்பு நாட்களில் இறைச்சியும், பெரும்பாலான இடங்களில் பால் பொருள்களும் விலக்கப்பட்டதால் பாதாம் பால் எங்கும் நிறைந்திருக்கிறது. 100 கிராம் பாதாமை வெந்நீரில் ஊறவைத்துத் தோலுரித்து, 400 மில்லி வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அரைத்துத் துணியில் பிழிந்தால் நல்ல பால் கிடைக்கும். கசப்புப் பாதாமைப் பயன்படுத்தவே கூடாது. அதிலிருந்து சயனைடு வெளிப்படும்.

வாசனைச் சரக்குகளில் இஞ்சி, பட்டை, மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, குங்குமப்பூ ஆகியவை அடிப்படை. இவற்றோடு, இன்று ஐரோப்பியச் சமையலறைகளில் அநேகமாக மறைந்துபோன திப்பிலி, வால்மிளகு, அரத்தை ஆகியவையும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சொர்க்கத் தானியம் என்ற காரமான சிறு விதையும் அடிக்கடி வரும். கெட்ட இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே இத்தனை சரக்கைக் கொட்டினார்கள் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது ஆதாரமற்ற பேச்சு. கடல் கடந்து வந்த மிளகையும் கிராம்பையும் வாங்கும் வசதி இருந்தவருக்குப் புதிய இறைச்சி வாங்குவது சிரமமாக இருந்திருக்க முடியாது. உணவின் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகியவற்றைச் சமப்படுத்துவது என்ற மருத்துவக் கொள்கையும், செல்வத்தைக் காட்டும் விருப்பமும், சுவையும்தான் உண்மையான காரணங்கள். ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’யின் முன்னுரையே அது அரசவை மருத்துவர்களின் ஒப்புதலோடு தொகுக்கப்பட்டது என்று சொல்கிறது.

முதல் இரண்டு உணவுகள்

எளிதில் வெற்றி தருவது அதே நூலில் உள்ள ‘மக்கெரூன்ஸ்’. மாவைப் பிசைந்து மெல்லிய தகடாகத் தேய்த்து, துண்டுகளாக நறுக்கி, கொதிக்கும் நீரில் வேகவைத்து, துருவிய பாலாடைக்கட்டியையும் வெண்ணெயையும் கீழேயும் மேலேயும் இட்டுப் பரிமாறச் சொல்கிறது குறிப்பு. 200 கிராம் கோதுமை மாவும் பிசையத் தேவையான நீரும் போதும். மாவை அரைமணி நேரம் மூடிவைத்தால் தேய்க்கும்போது சுருங்காது. தட்டைச் சூடாக்கிவைப்பது மட்டும் என் சேர்க்கை, ஏனெனில் பாலாடைக்கட்டி அந்தச் சூட்டிலேயே உருக வேண்டும். இதைச் செய்து சாப்பிடும்போது 1390க்கும் இன்றைக்கும் இடையிலான தூரம் மிகவும் குறைந்துவிடுகிறது.

ஜிஞ்சர்பிரெட் அப்படியல்ல, அதில் நிதானம் வேண்டும். 250 கிராம் தேனை அடிகனமான பாத்திரத்தில் மெல்லிய தீயில் வைத்து, பொங்கி வரும் நுரையைக் கரண்டியால் ஒதுக்கி எடுங்கள். அன்றைய தேனில் மெழுகும் தூசும் இருந்ததால் நுரை நிறைய வந்திருக்கும். இன்றைய வடிகட்டிய தேனில் கொஞ்சமே வரும். தேன் இளகி நீர்போல ஓடத் தொடங்கியதும் குங்குமப்பூவை நொறுக்கிப் போட்டு, அரைத் தேக்கரண்டி மிளகுப்பொடியைச் சேர்த்தால், நிறம் ஒரு நிமிடத்துக்குள் வைக்கோல் மஞ்சளிலிருந்து ஆழ்ந்த செம்பொன்னாக மாறும். அடுப்பிலிருந்து இறக்கி, நன்றாகக் காய்ந்த வெள்ளை ரொட்டியின் தூளைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக் கிளறுங்கள். முதலில் கூழாக இருக்கும். பிறகு கரண்டியோடு இழுபடும். கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கும் நிலையில் நிறுத்துங்கள். பொதுவாக 200 கிராம் தூள் ஆகும், ரொட்டியின் காய்ச்சலைப் பொறுத்துச் சற்றுக் கூடும் அல்லது குறையும். தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு அழுத்திப் பரப்பி, பட்டைப் பொடி தூவி, ஆறியதும் சதுரமாக வெட்டினால் வேலை முடிந்தது. இந்த ரொட்டியைச் சுட வேண்டியதே இல்லை.

இந்தக் குறிப்பில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பெயரில் இஞ்சி இருக்கிறது, பொருள்களில் இஞ்சி இல்லை. படியெடுத்தவர் விட்டுவிட்டார் என்று கருதுவோர் உண்டு. பெயரின் வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது: பழைய பிரெஞ்சில் பதப்படுத்திய இஞ்சியைக் குறித்த சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது, அதன் பின்பகுதி ‘பிரெட்’ என்று திரிந்தது. எது சரியென்று வாதிடுவதற்கு முன், இஞ்சி இல்லாமல் ஒரு முறை செய்து பாருங்கள். மிளகின் சூடு தேனுக்குள்ளிருந்து மெதுவாக எழுந்து தொண்டையில் நிற்பதும், குங்குமப்பூவின் மெல்லிய கசப்பு இனிப்பைத் தாங்கிப் பிடிப்பதும் அப்போதுதான் தெரியும். இரண்டாம் முறை ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடி சேர்த்தால் அவை இரண்டும் பின்னுக்குப் போய்விடும். இரண்டுமே நன்றாக இருக்கின்றன. ஆனால் முதலாவதைச் செய்யாதவருக்கு இரண்டாவதில் என்ன மறைந்தது என்று தெரியாது.

அலங்காரத்துக்குப் பாக்ஸ் மரத்தின் இலைகளைக் கிராம்பால் குத்திவைக்கச் சொல்கிறது அதே குறிப்பு. எழுதியபடியே செய்ய வேண்டும் என்ற விதி இந்த இடத்தில் செல்லாது, ஏனெனில் பாக்ஸ் இலை நச்சுத்தன்மை உடையது; புதினா இலையோ பிரிஞ்சி இலையோ போதும், கிராம்பையும் கடிக்காமல் எடுத்துவிட வேண்டும். ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’யின் பச்சைக்கீரைக் கலவையில் வரும் அருவதாவையும், குறிப்பாகக் கருவுற்றிருக்கும் பெண்கள் இருக்கும் வீட்டில், தவிர்ப்பது நல்லது. பெயர் தெரியாத எந்த மூலிகையையும் அடையாளம் உறுதியாகும்வரை பாத்திரத்தில் போடாதீர்கள்.

செகஞ்சபீன் என்ற மணப்பாகு

‘கார்டியல்’ என்ற சொல் இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதயத்துக்கு வலுவூட்டும் மருந்து என்பதே அதன் பழைய பொருள். இன்று பலர் வீட்டில் செய்யும், சாராயத்தில் பழத்தை ஊறவைத்துச் சர்க்கரை சேர்க்கும் கார்டியலை இடைக்காலத்தது என்று அழைப்பது முழுக்கச் சரியாகாது. வடித்த மது ஐரோப்பாவில் 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே தெரிந்திருந்தாலும், நெடுங்காலம் அது மருத்துவர் கையிலும் மருந்துக் கடையிலும்தான் இருந்தது. விருந்துக்குரிய இனிப்பு மதுவாக அது பரவியது இடைக்காலத்தின் இறுதியிலும் அதற்குப் பிறகும்தான். ஆகவே தொடங்குபவர் மணப்பாகிலிருந்து தொடங்குவதே வரலாற்றுக்கும் உடலுக்கும் ஏற்றது. வீட்டில் மது வடிப்பதைப் பற்றி எண்ணவே வேண்டாம். பல நாடுகளில் அது உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத குற்றம். ஆவி தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

செகஞ்சபீன் என்பது பாரசீகத்தில் வினிகரையும் தேனையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை. அந்தலூசிய நூலில் உள்ள எளிய செகஞ்சபீனில் தேனுக்குப் பதில் சர்க்கரை வருகிறது: கடுமையான வினிகர் ஒரு ரத்ல், சர்க்கரை இரண்டு ரத்ல், இரண்டையும் சேர்த்துப் பாகாகும்வரை காய்ச்சி, ஒரு பங்கு பாகுக்கு மூன்று பங்கு வெந்நீர் கலந்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். அந்த ரத்ல்தான் தமிழில் ராத்தல் ஆயிற்று. குடித்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்த சர்பத்தும் அப்படியே நம்மிடம் வந்திருக்கிறது. அளவு பழங்காலத்தது என்றாலும் விகிதம் தெளிவாக இருப்பதால், இடைக்காலக் குறிப்புகளில் இவ்வளவு நம்பிக்கையோடு பின்பற்றக்கூடியது அரிது.

எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தில் 250 மில்லி திராட்சை வினிகரையும் 500 கிராம் சர்க்கரையையும் இடுங்கள். செம்பு, அலுமினியப் பாத்திரங்களை வினிகர் அரிக்கும்; பழைய மெருகிட்ட மண்பாண்டங்களின் மெருகில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே அவையும் கூடாது. சன்னல்களைத் திறந்துவையுங்கள், ஏனெனில் காயும் வினிகரின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். சர்க்கரை முழுதும் கரையும்வரை மெல்லிய தீயில் கிளறி, பிறகு கிளறாமல் பத்து நிமிடம் போலக் கொதிக்கவிட்டு, ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு வந்திருந்தால் உடனே இறக்க வேண்டும், கம்பிப் பதம் வரை விடக்கூடாது. நான் முதல் முறை சூடாக இருக்கும்போது பாகு நீர்த்திருப்பதாக நினைத்து மேலும் கால்மணி நேரம் காய்ச்சினேன். மறுநாள் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. ஆறியதும் பாகு கெட்டிப்படும் என்பதைக் கணக்கில் கொண்டே இறக்க வேண்டும். அப்படி இறுகிவிட்டால் வெந்நீரில் புட்டியை நிறுத்தி இளக்கி, சிறிது வினிகர் சேர்த்து மீண்டும் ஒரு கொதி விட்டுச் சரிசெய்யலாம்.

வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய புட்டியில் அடைத்தால், புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்து இந்தப் பாகை நீண்ட நாள் காக்கும். இன்று பெரும்பாலோர் இதில் புதினா போட்டுக் குளிர்ந்த நீரில் கலந்து குடிக்கிறார்கள். அது சுவையானதுதான், ஆனால் இந்தக் குறிப்பில் புதினாவும் இல்லை, குளிர்ந்த நீரும் இல்லை. முதல் கோப்பையை வெந்நீரில் குடித்துப் பாருங்கள். வினிகரின் கூர்மை மழுங்கி, வேகவைத்த பழத்தின் வாசனை மேலெழும். அந்தப் பழைய நூல் இதைக் காய்ச்சலுக்கு மருந்தாகச் சொல்கிறது என்பதற்காக நாமும் மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேனில் செய்யும் வகையை ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

ஹிப்போகிராஸ்

இது விருந்தின் முடிவில் பரிமாறப்பட்ட, சரக்கு ஊறிய இனிப்பு ஒயின். மருந்து தயாரிப்போர் பயன்படுத்திய கூம்பு வடிவ வடிகட்டும் துணிப்பைக்கு பண்டைக் கிரேக்க மருத்துவரான ஹிப்போகிராட்டிஸின் சட்டைக்கை என்று பெயர். பானத்தின் பெயர் அங்கிருந்தே வந்தது. பாரிஸ் நூலின் குறிப்பில் பட்டை, இஞ்சி, சொர்க்கத் தானியம், ஜாதிக்காய், அரத்தை, சர்க்கரை ஆகியவை வருகின்றன. மது அருந்தாதவர்கள் இனிப்புச் சேர்க்காத திராட்சைச் சாற்றில் செய்யலாம். சுவை மூலத்திலிருந்து விலகும், ஆனால் சரக்கின் சேர்க்கை அப்படியே தெரியும்.

நான் 750 மில்லிக்கு 10 கிராம் பட்டை, 5 கிராம் சுக்கு, அரைத் தேக்கரண்டி சொர்க்கத் தானியம், ஒரு சிறு துண்டு அரத்தை, ஒரு சிட்டிகை ஜாதிக்காய், ஒயினாக இருந்தால் 100 கிராம் சர்க்கரை என்று எடுத்துக்கொள்கிறேன். சாறு என்றால் சர்க்கரை வேண்டாம். சரக்குகளை ஒன்றிரண்டாக இடித்தால் போதும். பட்டையை நைசாக அரைத்துவிட்டால் அது திரவத்தில் ஊறி வழவழப்பான கூழாகித் துணியின் கண்களை அடைத்துக்கொள்ளும். ஓர் இரவு குளிர்ந்த இடத்தில் மூடிவைத்து, மறுநாள் தடித்த பருத்தித் துணியைக் கூம்பாகத் தைத்துத் தொங்கவிட்டு அதில் ஊற்றுங்கள். முதலில் இறங்குவது கலங்கலாக இருக்கும், அதை மீண்டும் பைக்குள் ஊற்ற வேண்டும். இரண்டாம் முறை சற்றுத் தெளியும். மூன்றாம் முறைக்குள் துணியின் உட்புறம் சரக்கின் மெல்லிய படலம் படிந்து அதுவே வடிகட்டியாகிவிடுவதால், பையின் நுனியிலிருந்து மாணிக்கக் கல்லைப் போன்ற தெளிவோடு சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கும். அவசரப்பட்டுப் பையைப் பிழிந்தால் எல்லாம் மீண்டும் கலங்கிவிடும்.

சாற்றில் செய்ததைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாட்களுக்குள் குடித்துவிட வேண்டும், இல்லையேல் நொதிக்கத் தொடங்கும். ஒயினில் செய்தது ஒரு வாரம் தாங்கும். பையைச் சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள். அந்த வாசனை அடுத்த முறை பானத்தில் ஏறிவிடும். வெந்நீரில் மட்டும் பலமுறை அலசி, வெயிலில் உள்ளும் புறமும் காயவைத்து எடுத்துவையுங்கள்.